இருவது எண்ணணுமாம்

உக்காருங்க சார், உக்காருங்க. அந்தப் பார்சலைக் கீழ போடாதீங்க, பஸ்ஸுல எவனாவது மிதிச்சிடுவான். மடியிலயே வெச்சிக்கிங்க. மினுமினுன்னு பேப்பர் சுத்தியிருக்கு, சொவருக் கடிகாரமா? சரி, எனக்கெதுக்கு அது. நாகப்பட்டினந்தானே? நானும் அங்கதான். கலெக்டர் ஆபீசு. இன்னைக்குத் திங்கக்கிழமை, மனு வாங்குற நாளு.

என் பையில நாப்பது மனு இருக்கு சார். நாப்பதும் ஒரே மனுதான், எழுத்து மாறாம ஜெராக்ஸ். கலெக்டருக்கு ஒண்ணு, மீன்வளத்துக்கு ஒண்ணு, தாசில்தாருக்கு, எஸ்.பி.க்கு, போஸ்டாபீசுக்குக்கூட ஒண்ணு. போஸ்டாபீசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு ஜெராக்ஸ் கடைக்காரன் சிரிக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? ஒரு சேதின்னா எல்லார் காதுலயும் விழணும். ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன் முழிச்சிருப்பான். நான் அப்பிடித்தான் சேதி சொல்லிப் பழக்கம்.

ஊரா? சாவடித்துறை. ஏன் சார் அப்பிடிப் பாக்குறீங்க? கேள்விப்பட்டிருக்கீங்களா? இருங்க, இருங்க, நான் முடிச்சிக்கிறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

என் பேரு கோதண்டபாணி. ஊர்ல கேட்டீங்கன்னா ரேடியோ கோதண்டம்பாங்க. இருவத்திமூணு பைபர் போட்டு இருக்குற ஊர்ல மொதமொதல்ல வயர்லெஸ் செட்டு வாங்குனவன் நான். கடல்ல செல்போன் கெடைக்காது பாருங்க. கரையில இருந்து கொஞ்ச தூரம் போனாலே போனு வெறும் டார்ச் லைட்டு. செட்டுதான் வாயி, செட்டுதான் காது. அதுவும் ரொம்ப தூரம் எட்டாது. ஒரு போட்டு சொல்றது பக்கத்துப் போட்டுக்குக் கேக்கும், அவன் அதுக்கு அடுத்தவனுக்குச் சொல்லணும். அப்பிடியே கைமாத்திக் கைமாத்தித்தான் கடைசிப் போட்டுக்குப் போய்ச் சேரும்.

அந்தக் காலத்துல என்ன பண்ணுவோம்? ஒருத்தன் சொன்னா இருவத்திமூணு பேரும் சொல்லுவோம். நான் ரெண்டு தடவை சொல்லுவேன். கேக்காதவன் இருப்பான்ல? செட்டுல ஒரே இரைச்சலா இருக்கும், நல்லாருக்கும் சார், கடல் நடுவுல தனியா கெடக்குறோம்னே தோணாது.

இதைப் பொறுக்காம வந்து சேர்ந்துச்சி தமயந்தின்னு ஒரு பொண்ணு. ஏதோ என்ஜினீரிங் காலேஜிலேருந்து. படிப்பு என்னன்னா, கம்பி இல்லாம சேதி எப்பிடிச் சிக்கனமாப் போய்ச் சேருதுன்னு படிக்கிறதாம். அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு டாக்டர் பட்டம்! போட்டுல ஏத்துனா முகத்துவாரம் தாண்டறதுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுத்துச்சி. அது எங்களுக்கு வந்து கடல்ல பேசக் கத்துக்குடுக்குது.

அது என்ன சொல்லுச்சி தெரியுமா? "ஐயா, நீங்க எல்லாரும் ஒரே சமயத்துல அமுக்கிப் பேசறதாலதான் யாருக்கும் ஒண்ணும் கேக்கலை. பேசற பட்டனை அமுக்கினா உங்க காது மூடிக்கும். பக்கத்துல இருக்கறவன் பேச்சும் அடிபட்டுப் போயிடும்"னு சொல்லிட்டு ஒரு சட்டம் போட்டுச்சி. ஒரு சேதி காதுல விழுந்தா உடனே பேசக் கூடாதாம். எண்ணணுமாம். சேதி மங்கலா கேட்டா, சொன்னவனுக்கு நீ தூரத்துல இருக்கே, அஞ்சு எண்ணு. கணீர்னு கேட்டா, நீ கிட்டத்துல இருக்கே, இருவது எண்ணு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள வேற ரெண்டு போட்டு அதே சேதியைச் சொல்லிட்டா நீ வாயைத் தெறக்காதே. யாரும் சொல்லலைன்னா நீ சொல்லு, ஒரே ஒரு தடவை.

ஏன்னு கேட்டேன். "தூரத்துல இருக்கறவங்க சொன்னாத்தான் ஐயா சேதி இன்னும் தூரம் போவும். கிட்டத்துல இருக்கறவங்க திருப்பிச் சொன்னா, ஏற்கனவே கேட்டவங்களுக்கேதான் மறுபடி கேக்கும்"னுச்சி. கேட்டீங்களா நியாயத்தை?

கடற்கரையில எங்க இருவத்திமூணு பேரையும் அங்கங்க செதறி நிக்கவெச்சி பரிச்சை வேற வெச்சிச்சி. பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் கேக்குற அளவுக்குத்தான் பேசணும். மொதல்ல எங்க வழக்கப்படி எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனோம். கடைசியில நின்ன சிங்காரவேலு, "ஒரு எழவும் புரியலை"ன்னான். அப்புறம் அது சொன்ன மாதிரி எண்ணிட்டுப் பேசுனோம். அஞ்சே பேருதான் வாயைத் தெறந்தாங்க. சிங்காரவேலு சேதியை அச்சு மாறாம ஒப்பிச்சான். ஊரே கை தட்டுச்சி.

அந்த அஞ்சு பேருல நான் இல்லை சார்.

அதை ஒருத்தனாவது கவனிச்சானா? நான் என்ன எண்ணத் தெரியாதவனா? எனக்கு வயசு அம்பத்தெட்டு, முட்டி வலி, கரையை ஒட்டித்தான் வலை விடுவேன். சேதி கெளம்புறது கரையில, மீன் ஏலக்கூடத்துல இருக்குற செட்டுலேருந்து. என் காதுல எப்பவும் கணீர்னுதான் விழும். எப்பவும் இருவது எண்ணணும். நான் பதினொண்ணு பன்னெண்டு வர்றதுக்குள்ள எவனோ ரெண்டு பய சொல்லி முடிச்சிடுவான். ஆடி, ஆவணி, பொரட்டாசி, மூணு மாசம் சார்! மூணு மாசத்துல ஒரு நாளு, ஒரு நாளு என் குரலு காத்துல போவலை. மொத செட்டு வாங்குனவன் உக்காந்து ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டிருக்கேன், எல்.கே.ஜி. புள்ளை மாதிரி.

என் தங்கச்சி செண்பகத்தோட புருஷன், அமிர்தகடேசன்னு பேரு, அவன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். "என்ன மச்சான், இன்னைக்கி எத்தினி வரைக்கும் எண்ணுனீங்க?"ங்கிறான். அவன் ஆழத்துல போயி மீன் புடிக்கிறவன். அவனுக்கு எல்லாமே மங்கலா கேக்கும், அஞ்சு எண்ணிட்டு ராஜா மாதிரிப் பேசுவான். வேணும்னு சிரிச்சான்னு நான் சொல்லலை. நல்லவன்தான், வெள்ளந்தி. ஆனா சிரிச்சான்.

சரி, நான் ஒரு முடிவு பண்ணேன். மங்கலா கேட்டாத்தானே அஞ்சு? மங்கலா கேக்குற எடத்துக்கே போறேன்னு ஐப்பசி பொறந்ததும் ஒரு நாளு போட்டை ஆழத்துக்கு வுட்டேன். முட்டி வலியாவது மண்ணாவது. எல்லாரையும் தாண்டிப் போயிட்டேன். எனக்கும் அந்தாண்டை ஒரே ஒரு போட்டுதான், அமிர்தத்தோடது. அவனுக்கும் கரைக்கும் நடுவுல என் போட்டுதான் நிக்குது. அவனுக்கு ஒரு சேதி போவணும்னா என் வழியாத்தான் போவணும். அவன் ஒண்ணு சொல்லணும்னாலும் எனக்குத்தான் கேக்கும்.

என்ன சார், ஏதோ சொல்ல வர்றீங்க? அமிர்தகடேசனா? ஆமா, அமிர்தகடேசன்தான், திருக்கடையூரு சாமி பேரு. இருங்க, முக்கியமான எடத்துல குறுக்க வராதீங்க.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். செட்டுல மங்கலா, ரொம்ப மங்கலா கேக்குது: "காத்து வருது, எல்லாப் போட்டும் திரும்பு." ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எவனும் பேசலை! அமுக்குனேன் பாருங்க பட்டனை. "காத்து வருதுடோய், எல்லாப் போட்டும் திரும்பு! சொல்றது கோதண்டபாணி!" மூணு மாசத்துக்கப்புறம் என் குரலு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சி, உண்மையைச் சொல்றதுல என்ன வெக்கம்.

ஒரு தடவைதான் சொல்லணுமாம். கெடக்குது போ. உயிர் போற சேதியை எவனாவது ஒரு தடவை சொல்லிட்டு நிறுத்துவானா? சொன்னேன். மறுபடி சொன்னேன். போட்டைத் திருப்பிக்கிட்டே சொன்னேன், கரை தெரியிற வரைக்கும் சொன்னேன். நாப்பது தடவை இருக்கும். இருவத்திரெண்டு போட்டும் பத்திரமாத் திரும்பிச்சி சார். எவன் சொன்னதால? அந்தப் பொண்ணு சொல்லுது, என் மொத தடவைக்கு முன்னாடியே அவங்களுக்குச் சேதி போயிடுச்சாம். இருக்கட்டும். நாப்பது தடவை கத்துனவன் தொண்டை கிழிஞ்சி மோரு குடிச்சிக்கிட்டுக் கெடக்குறேன், ஒருத்தன் வந்து ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னானா?

அமிர்தம் மட்டும் வரலை.

பின்னாடி வருவான்னு நெனச்சேன். ஆழத்துல இருந்தவன், நேரம் ஆவும்ல? சாயங்காலம் ஆச்சி, காத்து அடிச்சி ஊத்துச்சி, வரலை. மறுநாளும் வரலை. தங்கச்சி கடற்கரையில ஒரே எடத்துல உக்காந்திருக்கா, சோறு இல்லை, தண்ணி இல்லை. மூணாம் நாளு தெக்க எங்கேயோ கரை ஒதுங்குனான், கூட இருந்த ரெண்டு ஆளோட. உயிரு இருந்துச்சி. போட்டு ரெண்டாப் பொளந்துடுச்சி. வலது கையில ரெண்டு விரலு, கயித்துல மாட்டி நசுங்கிப் போயி, ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க.

என்ன ஆச்சின்னா, என் சேதி அவனுக்குக் கேட்டிருக்கு. மொத தடவையே கேட்டிருக்கு. திரும்பலாம்னு எஞ்சினைப் போட்டா எடுக்கலை. அதுக்கு நான் என்ன பண்றது? எஞ்சினைப் பாத்து வெச்சிக்கிறது அவன் பொறுப்பு.

ஆனா ஊரு விடுதா? பஞ்சாயத்தைக் கூட்டிட்டாங்க. அந்தத் தமயந்தி எல்லா செட்டுலயும் தீப்பெட்டி கணக்கா ஒரு பொட்டி மாட்டி வெச்சிருந்துச்சி, செட்டுல போறது வர்றது எல்லாம் அதுல பதிவாவுமாம், படிப்புக்காக. என் செட்டுப் பொட்டியைக் கழட்டி ஏலக்கூடத்துல நடுவுல வெச்சிப் போட்டுக் காட்டுச்சி. என் குரலு வருது. நல்லாத் தெளிவா, கம்பீரமா இருந்துச்சி, நானே அசந்துட்டேன். "காத்து வருதுடோய்…" முடிச்சிட்டு நான் மூச்சு வாங்குறேன், பட்டன்லேருந்து கை எடுக்குறேன். அந்த எடைவெளியில லேசா ஒரு சத்தம். "மச்சா…" அதுக்குள்ள நான் மறுபடி ஆரம்பிச்சிடறேன். அடுத்த மூச்சுல "எஞ்சினு…" அப்புறம் நான். அப்புறம் "மச்சான், கேக்குதா…" அப்புறம் நான்.

பொட்டியில இருக்கறதுல பாதி கொரகொரப்பு சார். காத்து இரைச்சல் எப்பிடி வேணும்னாலும் கேக்கும். "நீங்க நாலாவது தடவையில நிறுத்தியிருந்தாக்கூடப் போதும் ஐயா"ங்குது அந்தப் பொண்ணு. அழுவுது வேற. எதுக்கு அழுவுறே நீ? உனக்குப் பட்டம் கெடைக்கப்போவுது.

ஒரு எடத்துல என் குரலே சொல்லுது, "எவன்டா அது, இருடா, நான் முடிச்சிக்கிறேன்"னு. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. நான் தலையைக் குனியலையே! "சேதி சொல்றப்ப குறுக்க பேசுனா அப்பிடித்தான் சொல்லுவேன், எவனா இருந்தாலும் சொல்லுவேன்"னேன்.

பஞ்சாயத்துத் தலைவர் வைத்திலிங்கம், "அமிர்தம், நீ என்னப்பா சொல்றே? உனக்கு என்ன வேணும்?"னு கேட்டாரு. கையில கட்டோட எழுந்து நின்னான். என்னைப் பாக்கலை. "எனக்கு ஒண்ணும் வேணாங்க. ஒருத்தரைத்தான் கூப்பிட்டேன், கத்திக் கத்திக் கூப்பிட்டேன். இனிமே கூப்பிடறதா இல்லை"ன்னான். அவ்வளவுதான். உக்காந்துட்டான்.

கூப்பிடாதே போ, யாரு அழுதா?

என் செட்டைக் கழட்டி ஏலக்கூடத்து அலமாரியில வெச்சிப் பூட்டிட்டாங்க சார். மொதமொதல்ல வாங்குன செட்டு! அதுக்குத்தான் இந்த மனு. மூணு மாசமா ஊமையாட்டம் கடலுக்குப் போறேன். கரையிலயும் அப்பிடித்தான். டீக்கடையில போயி உக்காந்தா பேசிக்கிட்டிருக்கறவன் டீயைப் பாக்குறான். என் பொண்டாட்டி போயிச் சேந்து ஆறு வருஷம் ஆச்சி, வீட்லயும் பேச ஆளு இல்லை. ஊருல என்ன நடக்குதுன்னு ரேடியோ கோதண்டத்துக்கே தெரியலைன்னா என்ன ஊரு அது?

இன்னைக்குக் காலையில பாருங்க. விடிஞ்சி கடற்கரைக்குப் போறேன், இருவத்திரெண்டு போட்டும் மணல்ல கெடக்குது. ஒருத்தன் கடலுக்குப் போவலை. ரோட்டுல ரெண்டு வேன் நிக்குது, ஊரே ஏறிக்கிட்டிருக்கு. என்னைப் பாத்ததும் வைத்திலிங்கம் கண்ணாடியை ஏத்திக்கிட்டாரு. ஏதோ கட்சி மீட்டிங்கு போல. பொட்டலம் சோத்துக்கு அலையிறானுவ. அதுக்குப் பொம்பளைங்க பட்டுப்பொடவை கட்டித் தலை நெறையாப் பூ வெச்சிக்கிட்டுப் போவுதுங்க சார், மீட்டிங்குக்கு! போன வாரம் தங்கச்சி வீட்டுக்கு வெள்ளையடிச்சானுவ. போட்டு இல்லாதவன் வீட்டுக்கு வெள்ளை ஒரு கேடான்னு நெனச்சிக்கிட்டேன்.

கோவமா? அவங்க மேல எனக்கு எதுக்கு சார் கோவம். அவங்கதான் வந்தாவணும். தங்கச்சி மவ இருக்கா, பவளக்கொடின்னு. தங்கமான பொண்ணு. நடக்கப் பழகுனதே என் போட்டு வெளிம்பைப் புடிச்சிக்கிட்டுத்தான். அவளுக்கு ஐப்பசிக்கு முன்னாடியே மாப்பிள்ளை பாத்தாங்க, போட்டு போனதுல அது நின்னுபோச்சின்னு கேள்வி. இன்னைக்கில்லன்னா நாளைக்கி நடக்கும்ல? நான் ஒரே தாய்மாமன். தாய்மாமன் சீர் இல்லாம எந்தப் பொண்ணு மணையில உக்காருவா? அமிர்தம் கூப்பிட மாட்டேன்னா விட்டுடுவாங்களா? செண்பகம் வருவா. வாசல்ல வந்து நின்னு "அண்ணே"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்ப வெச்சிக்கிறேன். உடனே எழுந்துட மாட்டேன். கொஞ்சம் நிக்கவெப்பேன்.

பொடவை வாங்கிட்டேன். கும்பகோணம் போயி வாங்குனேன், அரக்குல பச்சைக் கரை, அவ நெறத்துக்கு எடுப்பா இருக்கும். அது ஒண்ணும் ஆசையில வாங்கலை, அந்தப் பக்கம் போனேன், வாங்குனேன். வீட்ல டிரங்குப் பொட்டியில கெடக்குது.

இப்ப சொல்லுங்க சார். அப்பலேருந்து என்னமோ சொல்ல வர்றீங்க. என்ன அது, பத்திரிகையா? ஓ, கல்யாணத்துக்குப் போறீங்களா! மாப்பிள்ளை உங்ககூட வேலை பாக்குறவரா? நல்லது, நல்லது. குடுங்க பாப்போம்.

கண்ணாடி எங்க வெச்சேன்… ம்.

"சாவடித்துறை, அமிர்தகடேசன் செண்பகவல்லி தம்பதியரின் செல்வப் புதல்வி…"

இன்னைக்குத் தேதிதான் போட்டிருக்கு. தை மாசம் திங்கக்கிழமை. ஒம்பதுலேருந்து பத்தரை. நாகப்பட்டினத்துல மண்டபம்.

இல்ல சார், ஒண்ணுமில்லை. காத்து மூஞ்சியில அடிக்குது, ஜன்னலைச் சாத்துங்க.

கீழ நெறையா பேரு போட்டிருக்காங்க. தங்கள் நல்வரவை விரும்பும்… அமிர்தகடேசன், வைத்திலிங்கம், சிங்காரவேலு… போட்டுக்காரங்க பேரு எல்லாம் இருக்கு. இருங்க, எண்ணிப் பாக்குறேன். இருவது, இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு.

இருவத்திரெண்டு சார்.

எப்பிடிச் சேதி போயிருக்கு பாத்தீங்களா. எத்தினி வீடு, எத்தினி வாயி. டீக்கடை, ஏலக்கூடம், கோயிலு, ஒரு எடத்துல சிந்தலை, செதறலை. சத்தமே இல்லாம எல்லாருக்கும் போய்ச் சேந்திருக்கு. தங்கச்சிக்குப் பக்கத்து வீட்டுல இருக்கேன் நான். அவங்க வீட்டுல தாளிச்சா எனக்குத் தும்மல் வரும்.

மணி என்ன? ஒம்பது அஞ்சா. தாலி கட்டியிருக்க மாட்டாங்க. தாய்மாமன் இல்லாம மணையில உக்காரவெக்க மாட்டாங்க சார், யாராவது ஞாபகம் வந்து கூப்பிடுவாங்க. ஒருத்தன் மறந்தா இன்னொருத்தன் இருப்பான்ல? இருவத்திரெண்டு பேரு இருக்கானுவ. போன்ல சிக்னல் இருக்கு பாருங்க, நாலு கோடும் நிக்குது.

மண்டபம் வந்துடுச்சா? மேளச்சத்தம் கேக்குது. கணீர்னு கேக்குது.

நீங்க எறங்குங்க சார். பார்சலு பத்திரம். என் கையைப் புடிச்சி இழுக்காதீங்க, கூப்பிடாம எப்பிடி வர்றது? பேசாதீங்க. கிட்டத்துல இருக்கறவன் இருவது எண்ணணும். எண்ணி முடிச்சிட்டு வர்றேன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.